அம்மா நடித்த நான்கு நிமிடம்

மைசூர் விஜயநகர் வீட்டில் ஒரு காலை, அம்மாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவள், வலது கை அசையாததை வியப்போடு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏதோ சொன்னாள். தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை.

பக்கவாதம் என்றார்கள். மூன்று வாரத்தில் கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. அதற்கு அஃபேசியா (மூளை பாதிப்பால் மொழி குலைந்துபோவது) என்று பெயர். பல மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று மட்டும் மிஞ்சுமாம். அம்மாவுக்கு மிஞ்சியது பிரெஞ்சு.

அம்மா பிரெஞ்சுக்காரி. அங்கே படிக்கப் போன அப்பாவை மணந்து மைசூருக்கு வந்தவள். அதற்கு முன் இரண்டு சினிமாவில் சின்ன வேடங்களில் நடித்திருந்தாள். அப்பா இப்போது இல்லை.

"வீட்டுல யாரு சார் அவங்களோட பிரெஞ்ச் பேசுவீங்க?" என்று கேட்டார் பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி.

"யாரும் இல்ல மேடம்."

"ஒப்ரூ இல்வா? ஒருத்தர்கூடவா இல்ல? நீங்க மகன்தானே?"

மகன்தான். அதுதான் வெட்கக்கேடு. பத்து வயதில், பள்ளிக்கூட வாசலில் பையன்கள் சிரித்தார்கள் என்பதற்காக, "இனிமே என்கிட்ட அந்த பாஷைல பேசாத" என்று சொன்னவன் நான். அம்மா அப்படியே கேட்டுக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மொழி வாய்மூடிக் கிடந்தால், ஆஸ்பத்திரி வரை காத்திருக்காதீர்கள்.

பயிற்சிக்கு, அம்மாவுக்குப் பழக்கமான பிரெஞ்சுக் குரல் பதிவு ஏதாவது கிடைக்குமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். இருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆறு வருடம் முன்பு, பிரான்சிலிருந்து அம்மாவின் தங்கை, அம்மா நடித்த படம் ஒன்றின் டிவிடியை அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு வந்த தபாலை நான் பிரித்துப் பார்த்தேன். ரொட்டிக் கடைப் பெண்ணாக நான்கு நிமிடம் வரும் அம்மா, கடைசியில் ஒருவனை உதட்டில் முத்தமிடுகிறாள். என் பிள்ளைகள் கண்ணில் பட்டால் என்னாவது என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். தபாலில் தொலைந்திருக்கும் என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டபோது, ஆமாம் போட்டேன்.

"இப்பவாவது எடுத்துக் குடுங்க. அவங்க படத்த அவங்க பாக்கக் கூடாதா?" என்றாள் என் மனைவி.

போட்டுக் காட்டினேன். அம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், எனக்குத்தான் புரிந்திருக்காது.

அந்தக் காட்சியில் ரொட்டி வாங்க வருபவனின் வசனத்தை நான் மனப்பாடம் செய்தேன். தினமும் காலையில் கட்டிலருகே நின்று ரொட்டி கேட்பேன். அம்மா கடைக்காரியாகப் பதில் சொல்வாள், தடுமாறாமல். பயிற்சியாளருக்கு ஒரே சந்தோஷம்.

ஐந்தாவது வாரம் ரொட்டி கேட்டபோது, படத்தில் இல்லாத எதையோ சொன்னாள். நீளமாக, என் முகத்தைப் பார்த்து. எப்போதும்போல் தலையாட்டித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. புரியவில்லை என்று சொல்ல மட்டும் கற்றிருந்தேன், அதைச் சொன்னேன்.

மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக, உதட்டைக் காட்டிச் சொன்னாள். நானும் சொல்லிப் பார்த்தேன். தப்பு. அம்மா இடது கையால் என் கன்னங்களை அழுத்தி உதட்டைக் குவித்துவிட்டாள். ஐம்பத்தொரு வயது முகம், இரண்டு நாள் மழிக்காத தாடி.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் மனைவி.

தெரியவில்லை. வசவாகக்கூட இருக்கலாம். அவள் சொல்லச் சொல்ல, நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.