பாகூரில் ஒரு குளிர்ப் பூ

ஊட்டியில் நர்சிங் படிக்கும் என் மகளைப் பார்க்கப் போனபோது, அவள் விடுதி வாசலில் அந்தப் பூவைப் பார்த்தேன். ஊதா நிறம், பின்பக்கம் ஐந்து வால். கொலம்பைன் என்று பெயர் சொன்னாள்.

"குளிர்ல வர்ற செடிம்மா. நம்ம பாகூர் வெயில்ல பொசுங்கிடும்."

அந்தப் பேச்சுதான் என்னை உசுப்பிவிட்டது. தோட்டக்காரரிடம் விதை கேட்டு வாங்கி, பர்ஸில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் தடவை தூவியதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைக்குக் குளிர் காட்ட வேண்டும் என்று யூடியூபில் பார்த்து, மிச்சத்தை ஈரமணலில் கலந்து ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். தயிர் என்று நினைத்து என் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்துவிட்டார்.

"இன்னாடி இது, மண்ணையெல்லாம் ஃப்ரிட்ஜுல வச்சிருக்கே?"

"மூடுய்யா, குளிர் போய்டும்" என்றேன்.

கார்த்திகையில் விதைத்ததில் ஆறு முளைத்தன. கத்திரி வெயிலில் ஐந்து கருகிப்போயின. மிஞ்சிய ஒன்றைக் கிணற்றடி நிழலுக்கு நகர்த்தி, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். அது காயக் காய நனைத்தேன். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனபோதும் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தேன். இலையெல்லாம் உதிர்ந்து அடித்தண்டு மட்டும் நின்றபோதும் தண்ணீரை நிறுத்தவில்லை.

மழைக்குப் பிறகு துளிர்த்தது. தை கடைசியில் ஒரே ஒரு பூ, தலை கவிழ்ந்து நின்றது. வீடியோ காலில் மகளுக்குக் காட்டினேன்.

"நெஜமாவே நம்ம வூடா அது?" என்றாள்.

நான் ஃபோனைத் திருப்பி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆளுயரம் நின்ற கரும்பைக் காட்டினேன்.