போன் ரீச்சர்

போன வருடம் இரண்டாம் தவணையில் நடந்தது இது. பரந்தனிலிருந்து உள்ளே போகும் வீதியில், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பாடசாலை. நான் அங்கே கணிதம் படிப்பிக்கிறேன். ஐம்பது வயது தாண்டிவிட்டது. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி, டிஜிட்டல் கற்றல், கலப்புக் கற்றல் என்று ஒரு கற்கைநெறி படிக்க வவுனியாவுக்குப் போனேன். பாதியை வீட்டில் போனிலும் மீதியை வகுப்பிலும் படிப்பிப்பதைத்தான் கலப்புக் கற்றல் என்கிறார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் படிப்பில் ஆசை என்று சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, அது பச்சைப்பொய். பொறாமையில்தான் போனேன்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் என்னைவிட நன்றாக இளையவர். எனக்கு முதலே அந்தக் கற்கையை முடித்துவிட்டு வந்து, பாடங்களை வீடியோவாக எடுத்து வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போடத் தொடங்கினார். என் பாடவேளையில் பெண்பிள்ளைகள் குசுகுசுக்கிறார்கள், "சயன்ஸ் ரீச்சற்ற வீடியோ பாத்தனியோடி?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தக் கற்கையின் அடுத்த அணிக்கே விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. "நான் ஒருக்காத்தான் சொல்லுவன். காதைக் குடுத்துக் கேளுங்கோ." அதில் எனக்கு அப்படியொரு பெருமை. இரண்டாம் தரம் கேட்கிற பிள்ளை நித்திரை கொண்ட பிள்ளை என்பது என் கணக்கு. நான் பேசத் தொடங்கினால் எட்டாம் ஆண்டு மூச்சுக்கூட விடாது.

சரி, வீடியோ கதைக்கு வருகிறேன். எளிய சமன்பாடுதான் பாடம். ஒரு பின்னேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக்கு முன்னால் நல்ல சேலையோடு நின்று பதிவு செய்யத் தொடங்கினேன். முதலில் சேவல் கூவியது. அடுத்தது கணவரின் மோட்டார் சைக்கிள் சத்தம். பிறகு நானே பிழைவிட்டேன். அழித்து அழித்து எடுத்ததில் எனக்குக் கத்துகிற தெம்பே போய்விட்டது. கடைசியாகச் சரிவந்த பதிவில் குரல் இறங்கி, முகம் கனிந்து இருந்தது. பார்க்கிறவர்கள் சாந்தசொரூபி என்று சொல்லுவார்கள். உண்மையில் அது வெறும் களைப்பு.

அதைக் குழுவில் போட்டேன். ஒரு கிழமையில் பாடசாலை முழுக்க என் வீடியோக் கதைதான். விஞ்ஞான ரீச்சரே வந்து, "எப்பிடி அக்கா இவ்வளவு ஆறுதலாச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நாளில் கெட்டது. தண்ணீர்க் குழாயடியில் எட்டாம் ஆண்டுப் பெடியள் இரண்டுபேர் கதைத்தது காதில் விழுந்தது.

"போன் ரீச்சர் நல்ல மனிசி என்ன? ஏசவே மாட்டா."

"ஓமடா. நிப்பாட்டினா நிப்பா. திருப்பிச் சொல்லெண்டா திருப்பிச் சொல்லுவா."

யாரடா அந்தப் போன் ரீச்சர் என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது வயிறு எரிந்தது. நான்தான்! ஆனால் நான் இல்லை. என் முகத்தோடும் என் சேலையோடும் போனுக்குள் நிற்கிற வேறு ஒருத்தி.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் இதைச் சொன்னேன். மனிசன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஊரில ஆக்களுக்குப் பக்கத்து வீட்டில பொறாமை வரும். உமக்கு உம்மோடையே சக்களத்திச் சண்டையோ?"

"இஞ்சருங்கோ, பகிடி விடாமச் சாப்பிடுங்கோ."

அவருக்குப் பகிடி. எனக்கோ பயம். பிள்ளைகள் இப்போது வகுப்பில் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். இனி நான் எதற்கு? இத்தனை வருடமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டினது எதற்கு?

இதில் என்னை மெத்தச் சுட்டது ஒரு சிறுமியின் கொப்பி. யன்னலோரக் கடைசி வாங்கில் இருப்பாள். வாய் திறந்ததே இல்லை. வருடம் தொடங்கியதிலிருந்து அவளுடைய கணக்கெல்லாம் பிழை. வீடியோ வந்த பிறகு எல்லாம் சரி! தகப்பன் வயலிலிருந்து வந்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறாளாம். ஒரு ரீச்சர் அதற்குச் சந்தோசப்பட வேண்டும்தானே? நான் படவில்லை. அந்தப் பிள்ளை எனக்குத் தராத சரியைப் போனுக்குள் நிற்கிறவளுக்குக் கொடுத்திருக்கிறாளே என்றுதான் நினைத்தேன். சிவப்புப் பேனையால் சரி போட்ட கைக்கு அவ்வளவு பாரம்.

அந்த நேரத்தில்தான் கற்கையின் மேற்பார்வை வந்தது. விரிவுரையாளர் ஒருவர் வகுப்புக்கு வந்து பார்த்துப் புள்ளி போடுவார். திருப்தி இல்லாவிட்டால் அந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கவேண்டும். அந்த வெட்கத்தை என்னால் தாங்க ஏலாது. விஞ்ஞான ரீச்சர் முதல் தரத்திலேயே தேறினவர்.

விரிவுரையாளர் சேர் வந்து பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். தொடங்க முதல் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டு கேட்டார், "வகுப்பில படிக்கிறது விருப்பமோ, போனில படிக்கிறது விருப்பமோ?"

முழு வகுப்பும் ஒரே குரலில், "போன் ரீச்சர்!"

அதுக்குப் பிறகு ஒரே சிரிப்பு. எனக்கு முகத்தில் கரி பூசின மாதிரி இருந்தது. ஆத்திரத்தில் வாய் முந்திவிட்டது.

"அப்ப நான் என்னத்துக்கு? வீட்டை போகட்டோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. சேர் பேனையைத் திறந்து ஏதோ எழுதினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது யன்னலோரத்தில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. அந்த வாய் பேசாத பிள்ளை.

"ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ? சக அஞ்சு அந்தப் பக்கம் போனா ஏன் சய அஞ்சா மாறுது?"

கூட்டல் குறி மறுபக்கம் போனால் கழித்தல் ஆகிறதே, அதைத்தான் கேட்கிறாள். நான் இருந்த கொதிப்பில் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதை உங்கட போன் ரீச்சரிட்டையே கேளும்."

அந்தப் பிள்ளை அதைக் குத்தலாகவே எடுக்கவில்லை. நான் உண்மையாகவே சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"கேட்டுப் பாத்தனான் ரீச்சர். எத்தினை தரம் போட்டாலும் அந்த இடத்தில அவா 'குறி மாறும்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறா. ஏனெண்டு சொல்லவேயில்லை. அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்."

முதலில் வந்தது சந்தோசம், ஒளிப்பானேன். போன் ரீச்சருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்! அந்தச் சந்தோசம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. போனுக்குள் நிற்கிறவள் சொல்லாமல் விட்டது, நான் சொல்லாமல் விட்டது. ஆசிரியராக வந்த நாளிலிருந்து "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று ஒருக்காச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். ஒருக்காத்தானே சொல்வேன், யாரால் அந்த ஓட்டையைப் பிடிக்க முடியும்? திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்த பிள்ளைதான் பிடித்தது.

கரும்பலகைப் பக்கம் போனேன், எழுத வரவில்லை. திரும்பி வந்து பிள்ளையை முன்னால் கூப்பிட்டேன். தெரியாத எண்ணுக்காக ஒரு பைக்குள் சில கொப்பிகளை மறைத்து வைத்து வலக்கையில் மாட்டினேன். அதன்மேல் ஐந்து கொப்பி. இடக்கையில் பன்னிரண்டு. இரண்டு கையையும் நீட்டித் தராசு மாதிரி நின்றேன்.

"இப்ப ரெண்டு பக்கமும் சமன். இந்தக் கையில இருந்து அஞ்சை எடும்."

எடுத்தாள். என் வலக்கை மேலே போக, இடக்கை கீழே சாய்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது எனக்குக் கோபம் வரவில்லை.

"இனித் திரும்பச் சமனாக்க என்ன செய்யவேணும்?"

அவள் யோசித்து இடக்கையிலிருந்தும் ஐந்தை எடுத்தாள். பிறகு பையைத் திறந்து எண்ணினாள். ஏழு. இடக்கையிலும் ஏழு.

"அப்ப அஞ்சு அந்தப் பக்கம் போகவேயில்லையோ ரீச்சர்? ரெண்டு பக்கத்திலயும் எடுக்கிறதோ?"

"ஓம் பிள்ளை. அது ஒரு இடமும் போகேல்ல. போனது எண்டு நான்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்."

பின்வரிசை வாங்கில் ஒரு பெடியன் விளங்காமல் முழித்தான். கேட்கப் பயம் என்று முகத்தில் தெரிந்தது. "என்ன, திருப்பிச் சொல்லட்டோ?" என்றேன். வகுப்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கை வலிக்க வலிக்கத் திரும்பவும் தராசானேன். அதுக்குப் பிறகும் ஒரு தரம்.

மேற்பார்வையில் தேறிவிட்டேன். போகும்போது சேர் சொன்னார், "ரீச்சர், அந்த விளக்கத்தையும் சேர்த்து வீடியோவைத் திருத்திப் போடுங்கோ." ஓம் சேர் என்றேன்.

திருத்தவில்லை. இன்றுவரை திருத்தவில்லை. இந்த வருடமும் புது எட்டாம் ஆண்டுக்கு அதே வீடியோவைத்தான் போட்டேன். போன் ரீச்சர் கோபமில்லாமல், சலிப்பில்லாமல் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் பேசாமல் போகிறாள். அடுத்த நாள் யாராவது ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு "ஏன் ரீச்சர் மாறுது?" என்று என்னிடம் வரும். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பேன், கேட்கிற தரமெல்லாம் சொல்வேன். போனுக்குள் நிற்கிறவளில் எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. அவளைப்போல ஒருதரமாவது சலிக்காமல் சொல்லிவிடவேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் போகிறேன்.