என் வீட்டுக்காரர் தாடி வளர்த்த கதை

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் நாலு மாதம் தாடி வளர்த்தார். பதினெட்டாம்படிக் கருப்புக்கு வேண்டுதல் என்று ஊர் நம்பியது. நம்ப வைத்தவள் நான். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு குறைச்சலும் வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் யாரையும் வைத்து எழுதவில்லை.

மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். நெல் விவசாயம். அப்போது மூத்தவனுக்கு இரண்டு வயது. அறுப்பு முடிந்த கையோடு பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் துணி எடுக்க மதுரைக்குப் போனோம். துணி எடுத்தபின் ஒரு படம் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. நினைத்துப் போன படத்துக்கு டிக்கெட் இல்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு தியேட்டர் இருந்தது. கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருத்தன் சிரிக்கிற மாதிரி போஸ்டர்.

"சிரிப்புப் படமாட்டம் இருக்கு புள்ள, வா" என்று கூட்டிப் போனார்.

வேறு பாஷைப் படம். தமிழில் பேச்சு மட்டும் சேர்த்திருந்தார்கள். ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணனுக்குக் கைகால் விளங்காது. தம்பிதான் குளிப்பாட்டி, சோறூட்டி, தினம் காலையில் முகம் மழித்து விடுவான். தங்கமான பிள்ளை. ஒருநாள் கத்தி கழுத்துக்கு வரும்போது அவன் கை நிற்கிறது. இப்படியே அறுத்துவிட்டால் என்ன என்று அவனுக்குள் ஒரு நினைப்பு வந்துவிட்டது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, அவன் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். மறுநாளும் அதே நினைப்பு. அவன் அழுகிறான், கத்தியைக் கொண்டுபோய்க் குளத்தில் போடுகிறான். நினைப்பு கத்தியை விட்டுத் தலையணைக்குப் போகிறது, மாடிப்படிக்குப் போகிறது. கடைசியில் புதுக் கத்தி வாங்கி நுரை போட்ட அன்று அண்ணன் நாற்காலியில் செத்துக் கிடக்கிறான். தானாகச் செத்தானா, தம்பி செய்தானா என்று கடைசிவரை சொல்லவில்லை. தம்பி உட்கார்ந்து அண்ணன் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறான். அதோடு லைட் போட்டுவிட்டார்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்ததும் பாதி போய்விட்டது. அவர் குடிக்கவில்லை.

அந்த வாரம் முடிதிருத்துகிறவர் ஊருக்குள் வந்தார். வேப்பமரத்தடியில் இவரை உட்கார வைத்து நுரை போட்டிருக்கிறார். கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டதும் இவர் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டார். காது மடலில் நுரை அப்படியே இருந்தது.

"என்ன மச்சான்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பெறகு பாத்துக்கிருவோம்."

பிறகு பார்க்கவே இல்லை. கத்தியைக் கண்டு பயப்படுகிறார் என்று நினைத்தேன். மஞ்சுவிரட்டில் மாட்டைத் தாவி அணைந்து தொடையில் குத்து வாங்கிய மனிதர், சினிமா பார்த்துப் பயந்தார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அவர் வேலிக்கருவையை வெட்டுவதற்கும் ஆள் கூப்பிட்டதை நான் சேர்த்து யோசிக்கவில்லை. மகன் காலைக் கட்டிக்கொண்டால் "அம்மாட்டப் போடா" என்று விலக்கி விட்டதையும் யோசிக்கவில்லை.

ஒரு மாதம் போனது. ஊருணியில் தண்ணீர் எடுக்கும்போது ஒருத்தி ஆரம்பித்தாள்.

"என்னத்தா, ஒன் வீட்டுக்காரரு சாமியாராப் போகப் போறாரா? இல்ல, ஒன் சமையலச் சாப்புட்ட துக்கமா?"

இன்னொருத்தி, "முகம் மழிக்கத் தெம்பு வேணும்ல, அம்புட்டுக் கஞ்சியாக் காச்சி ஊத்துறா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கருப்புக்கு வேண்டுதல். வாயக் கழுவிட்டுப் பேசுங்க" என்று சொல்லி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறு எந்தச் சாமியைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அழகர்கோயில் வாசலில் காவல் இருக்கிற கருப்பு முன்னால் பொய்ச் சத்தியம் செய்யக் கோர்ட்டு கேஸ்காரனே நடுங்குவான். நானோ அந்தக் கருப்பு பேரிலேயே பொய் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஊர் மரியாதை கூடிவிட்டது. டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். என்ன வேண்டுதல் என்று வாய் விட்டுக் கேட்கக் கூடாது என்பதால் அவரவரே முடிவு செய்துகொண்டார்கள். இரண்டாவது பிள்ளைக்கு என்றார்கள், வரப்புத் தகராறுக்கு என்றார்கள்.

அவர் காதுக்கும் போனது. "கருப்புக்குன்னா சொன்ன?" என்று கேட்டார். "கருப்புக்கா?" என்று தாடியைத் தடவிக்கொண்டார்.

சமயநல்லூரில் கட்டிக்கொடுத்த அவர் தங்கச்சி, மூன்றாவது மாதம் வெற்றிலை பாக்கோடு வந்தாள். தலைப்பிள்ளை, பெண்குழந்தை, பத்து மாதம். அழகர்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் அது தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்கும். மாமன் உயிரோடு இருந்தும் மடி கொடுக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம்.

"அண்ணே, ஒனக்கும் வேண்டுதல் இருக்காம்ல. மாமனுக்கும் மருமகளுக்கும் ஒண்ணா எறக்கிருவோம்" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையை நீட்டினாள்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "கை அழுக்கா இருக்குத்தா."

"கழுவிட்டு வா."

"வயல்ல வேலை கெடக்கு. ஆளு ஒருத்தர வச்சு நடத்திக்கங்க, நான் வர்றது செரமம்."

அவள் பிள்ளையை நீட்டியபடியே நின்றாள். அவர் போய்விட்டார். பிறகு அடுப்படியில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எம் மாமியா ஏற்கனவே சொல்லிக்காட்டிக்கிட்டுத்தான் இருக்காக மதினி. இப்ப அண்ணனும் வரலைன்னா நான் அந்த வீட்டுல எப்படித் தலை நிமுந்து நடக்குறது? நான் என்ன தப்புப் பண்ணேன், சொல்லுங்க."

அவள் பஸ் ஏறியதும் நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தார். நல்ல உச்சி வெயில்.

"கத்தியப் பாத்தா பயமா இருந்தா, கண்ண மூடிக்கிட்டு ஒக்காருங்க. பிள்ளைக்குத்தானே மழிக்கிறாக, ஒங்களுக்கா?"

"கத்திக்கு இல்ல புள்ள."

சோற்றைத் தொடவில்லை. பிறகு சொன்னார். "அந்தத் தம்பிகாரன் நல்லவந்தானே? நம்மளவிட நல்லவன். அவனுக்கே அப்பிடி நெனப்பு வந்துச்சு. படம் பாத்துட்டு வந்த மறுநா, நம்ம பய கெணத்து மேட்டுல ஓடி வந்தான். தூக்குனேன். தூக்குன ஒடனே எனக்கும் வந்துச்சு. கெணத்துல போட்டுருவேனோன்னு இருந்துச்சு. எறக்கி விட்டுட்டேன். அதுலருந்து எதத் தொட்டாலும் வருது. அருவா எடுத்தா வருது. தங்கச்சி பிள்ளைய மடியில வச்சு, கூட்டத்துக்கு நடுவுல வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மூன்று மாதமாக இதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் சாப்பிட்டார், தூங்கினார், டீக்கடையில் மரியாதை வாங்கினார். நானோ ஊருணியில் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒன்று இருந்தது. பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் என்னைப் பெண்பிள்ளை என்று மதிப்பாரா என்று யோசித்தேன். அப்புறம் சொன்னேன்.

"நம்ம பய மூணு மாசத்துல ராப்பகலா அழுதான்ல. சித்திர மாசம். நீங்க மேலூர் போயிருந்தீக. நான் இந்தக் கெணத்துல துணி தொவைக்க வந்தேன். தோள்ல போட்டா அழுகுறான், மடியில போட்டா அழுகுறான். உள்ள போட்டுட்டா சத்தம் நின்னுரும்னு எனக்குத் தோணுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"பிள்ளையச் சேலையில கெடத்திட்டு அந்தா அந்தப் பனமரத்துக்கு ஓடிப்போயி கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்து பால் குடுத்தேன்."

அவர் கிணற்றையும் பார்த்தார், பனைமரத்தையும் பார்த்தார்.

"எத்தன தடவ வந்துச்சு?"

"ரெண்டு மூணு தடவ. பெறகு அவன் அழுகை நின்னுச்சு, அதுவும் நின்னுச்சு. நெனப்பு வந்தா வந்துட்டுப் போகட்டும் மச்சான். அந்தப் படம் எடுத்தவனுக்கு வந்திருக்கு, எனக்கு வந்திருக்கு, ஒங்களுக்கு வந்திருக்கு. ஊருணியில என்னையக் கேலி பண்ணவளுகளுக்கும் வந்திருக்கும், சொல்ல மாட்டாளுக."

தூக்கை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முழுசாகச் சாப்பிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

அழகர்கோயிலுக்குப் போனோம். சம்பந்தி வீட்டுக் கூட்டமெல்லாம் நின்றது. அவர் வேட்டியை மடித்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தங்கச்சி பிள்ளையை நீட்டினாள். அவர் கை வாங்காமல் அந்தரத்தில் நின்றது. கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் தலையை ஆட்டினேன். வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்ததும் பிள்ளை வீல் என்று கத்தி, மாமன் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. வலியில் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாப்ள, நாவிதருக்கு வேலையில்லாமப் பண்ணிரும் போலயே ஒங்க மருமக" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையின் முதுகை ஒரு கையால் அணைத்து, நெற்றியை ஒரு கையால் பிடித்து, கடைசி முடி விழுகிறவரை அசையாமல் இருந்தார். தங்கச்சி பிள்ளையை வாங்கும்போது அண்ணன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மாமன் சீர் பார்த்து அழுகிறாள் என்று அவள் மாமியார் நினைத்துக்கொண்டாள்.

அடுத்தாற்போல அவரும் உட்கார்ந்து தாடி மீசை தலை எல்லாம் எடுத்துக்கொண்டார். "வேண்டாத வேண்டுதல்னாலும் சாமிக்குச் சொன்னது சொன்னதுதான்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் கருப்பு வாசலில் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அன்றோடு எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அரிவாள் எடுக்க மேலும் ஒரு வருஷம் ஆனது. கிணற்று மேட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாளும் நடந்ததில்லை. அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பிறந்தன, பேரன் பேத்தி ஐந்து. எந்தப் பிள்ளையை யார் நீட்டினாலும் அவர் முதலில் என்னைப் பார்ப்பார். நான் அடுப்படியில் இருந்தால் வருகிறவரை பொறுத்திருப்பார். மருமகள்கள், மாமாவுக்கு அத்தையிடம் கேட்காமல் ஒன்றும் ஆகாது என்று கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று நான் விட்டுவிட்டேன். கை வேலையாக இருந்தாலும் நிமிர்ந்து தலையை ஆட்டுவேன், அவர் தூக்கிக்கொள்வார்.