வாசலில் போட்ட வட்டம்

எண்பதுகளின் பிற்பகுதி, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கல்வராயன் மலையடிவாரத்தில், வடக்கனந்தலைச் சுற்றிய ஊர்களில் காசநோய் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மருத்துவம் படித்த கையோடு வந்த வேலை. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்திருந்தது.

வீடு வீடாகப் போய் வாசல் ஓரம் சாக்பீஸால் எண் போடுவோம். இருமுகிறவர்களின் சளியைச் சோதிப்போம். கிருமி தெரிந்தால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மாத்திரை கொண்டுபோகிறவர் வீடு தேடி அலைய வேண்டாமே என்று நான் கண்டுபிடித்த உத்தி. அதில் எனக்கு ஏகப்பெருமை!

கூலிக்காரர்கள் தெருவில் ஒரே ஒரு வட்டம்தான் விழுந்தது. நடவுக்குப் போகும் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகள். ரத்தமாக இருமிக்கொண்டிருந்தவர் பத்து நாள் மாத்திரையில் கொஞ்சம் தேறியிருந்தார்.

அப்போதுதான் போராட்டக்காரர்கள் வழியெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு வாரம் கள்ளக்குறிச்சியை விட்டு நகர முடியவில்லை. அவரிடம் இருந்த மாத்திரை தீர்ந்திருக்கும். நடுவில் விட்டால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும், பிள்ளைகளுக்கும் ஒட்டும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வழி திறந்த அன்றே ஜீப்பில் போனேன். அவர் வீடு பூட்டிக் கிடந்தது. வட்டத்தின் மேல் சாணி போட்டு மெழுகியிருந்தது. பார்த்தால், தெருவிலேயே ஒரு எண் கூட இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். முறைத்தார்.

"அங்க குடிசைங்கள கொளுத்திட்டாங்க, இங்க கொளுத்தப் போறாங்கன்னு ஊரே நடுங்கிக்கினு கெடக்குது. நீங்க எல்லா வூட்டுக்கும் நம்பரு போட்டீங்க, அது வூட்டுக்கு மட்டும் வட்டம் போட்டீங்க. கொளுத்தறதுக்குத்தான் அடையாளம்னு புள்ளைங்கள தூக்கிக்கினு மலைக்கு ஓடிப்போச்சு."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இடத்தைக் கேட்டு வாங்கினேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து மேலே நடை. மரவள்ளித் தோட்டத்துக் கொட்டகையில் இருமல் சத்தம் கேட்டது. என்னைக் கண்டதும் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இங்கயும் நம்பரு போட வந்துட்டீங்களா?"

வட்டம் எதற்கென்று சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"மாத்திரைக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டா வாயி நோவுமா, டாக்டரம்மா? மூணு நாளு புள்ளைங்களோட காட்டுல படுத்துக் கெடந்தேன்."

இருமல் எத்தனை நாள், எடை எவ்வளவு என்று பக்கம் பக்கமாக அவரிடம் கேட்டவள் நான். உங்கள் வாசலில் எழுதலாமா என்று மட்டும் கேட்கவில்லை. அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"சரி சரி, குடுங்க" என்று கையை நீட்டினார்.

ஊரில் கலவரம் அடங்கியதும் இறங்கி வந்தார். மறுபடி எண் போட வேண்டியிருந்தது. சாக்பீஸைப் பையிலிருந்து எடுக்காமலே, "போடலாமா?" என்றேன்.

"வேணாம். வூடு தெரியுமில்ல? வந்து கூப்புடுங்க."

கடைசி மாத்திரைவரை போய்க் கூப்பிட்டேன். முழுசாகக் குணமானார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கேட்டு எண் போட்டாயிற்று. அந்த வீடுகளில் ஒன்றைக்கூட இன்று என்னால் அடையாளம் சொல்ல முடியாது. எண்ணே போடாத அந்த வாசலுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன்.