புஷ்டியான பிள்ளைகளை ஒளித்த நாள்

சிறந்த அங்கன்வாடி மையத்துக்கு விருது கொடுக்கப் போகிறார்கள், எங்கள் மையத்தையும் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மழைக்கு எங்கள் மையத்தில் ஒதுங்கினால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும். கூரை ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டி, அதன்மேல் கல் வைத்திருந்தோம். காற்று பலமாக அடித்தால் கல் உருண்டு, பிள்ளைகள் வீறிட்டு அழும்.

ஆனால் சூப்பர்வைசர் மேடம் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "உன் சென்டர்ல பிள்ளைங்க கம்மினு மேல பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சென்டரோட சேர்த்துடுவாங்க. விருது வாங்கிட்டா ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. வர்றவங்க கண்ணுல நல்லது படற மாதிரி பாத்துக்கோ" என்றார்.

எங்கள் மையம் இருந்த மீனவர் குப்பத்தில் வாசலுக்கு அடுத்தது பழவேற்காடு ஏரி. ஆண்கள் விடிவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். பெண்கள் ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் பஸ் ஏறிவிடுவார்கள். லாரி போகிற ரோட்டைத் தாண்டி, மூன்று வயதுப் பிள்ளையை யார் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது? மையம் போனால் பிள்ளைகள் கரையில்தான் கிடக்கும். இது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். மேலே இருப்பவர்களுக்குத் தெரியுமா என்பதை நான் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப் போகிறது.

நான் அனுப்பம்பட்டுப் பக்கம், நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி வந்து சேர்வேன். சமையலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் ஆயாம்மாவின் வேலை. அவர் அந்தக் குப்பத்துக்காரர், என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீடு வீடாகப் போய், தூங்குகிற பிள்ளையைத் தூங்குகிறபடியே தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வேறு யாராவது அப்படித் தூக்கினால் தாய்மார் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு மீனவப் பெண்ணின் மகள், பிறந்தபோது கோழிக்குஞ்சு மாதிரி இருந்தவள். எடை பார்க்கிற ஒவ்வொரு மாதமும் அட்டையில் அவள் புள்ளி சிவப்பிலேயே நிற்கும். சத்துமாவை உருட்டிக் கொடுத்தால் துப்புவாள், கூழாகக் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்புவாள். அக்கா அதில் கொஞ்சம் வெல்லம் சேர்த்து, அடை மாதிரி தட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு காக்கா காட்டி ஊட்டுவார். ஒன்றரை வருஷம் இதே பாடு. கடைசியில் அவள் கன்னத்தில் சதை வந்தது, தொடையில் மடிப்பு விழுந்தது, அட்டையில் புள்ளி பச்சைக்கு ஏறியது. அன்றைக்கு அக்கா ஊர் முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். பெயர் கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் முனகுவார்கள். அவள் மட்டும் ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி, "உள்ளேன் டீச்சர்!" என்பாள்.

வருகிறவர்களுக்கு இவளைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அக்காவிடம், "ஆபீசருங்க நம்ம சென்டரைப் பாக்க வர்றாங்க. நம்மள பத்தி நல்லா எழுதினா சென்டர் தப்பிக்கும். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"நீ கவலப்படாத டீச்சர். ஆபீசரு வந்தா இன்னா பண்ணணும்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க பாத்துக்கறோம்" என்றார் அக்கா.

நான் அதை நம்பினேன். புதுப் பாய் விரித்து, சுவரில் படங்கள் ஒட்டி, பொம்மைகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வருகிறவர்களுக்கு வழி காட்டுவதற்காகப் பழவேற்காடு பஸ் நிறுத்தத்திலேயே நின்று, அவர்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். இரண்டு அதிகாரிகள், ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும், பின்னால் எங்கள் சூப்பர்வைசர் மேடம். வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா ஆசையாகக் கேட்டுக்கொண்டார், "பாக்கணுமே அவளை" என்றார்.

ஜீப்பை விட்டு இறங்கி மையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். புதுப் பாயைக் காணோம், பொம்மைகளைக் காணோம், சுவரில் படம் ஒட்டிய பசைதான் இருந்தது. கூரைத் தார்ப்பாயை அவிழ்த்து எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியாக வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தும், அந்த வெயிலுக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள்.

வெறும் தரையில் கொஞ்சம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஊரிலேயே ஒல்லியான பிள்ளைகள். இருமல்காரன், சொறி வந்தவன், போன வாரம்தான் காய்ச்சலிலிருந்து எழுந்தவள். சட்டை கூடக் கிழிந்ததாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். கொழுகொழுவென்று இருந்த ஒரு பிள்ளையும் இல்லை.

ஊர்த் தலைவர் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "பாருங்க சார், இதான் எங்க கதி. ஒண்ணுமே இல்ல சார் இங்க. புள்ளைங்களுக்கு உடம்புல தெம்பு இல்ல. நீங்கதான் மனசு வெக்கணும்" என்றார். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள்.

அந்த ஐயா என்னைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பொண்ணு எங்கம்மா?" என்றார் அதிகாரி அம்மா.

நான் அக்காவைப் பார்த்தேன். "அது அவங்க அம்மாகூட ஊருக்குப் போயிருக்குதுங்க" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நான் விடவில்லை. வெறி பிடித்தவள் மாதிரி அந்தப் பிள்ளையின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து, "உள்ளேன் டீச்சர்!" என்று வந்தது. உடனே யாரோ வாயைப் பொத்தியது போல் குரல் அமுங்கியது.

அதிகாரிகள் சிரித்திருந்தால் கூடப் பிழைத்திருப்பேன். அந்த ஐயா மெதுவாக, "பிள்ளைங்களை வீட்லயே வெச்சுக்கிட்டு வருகை மட்டும் போடறீங்களா?" என்றார். நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தபோது வீடு காலி. பின்வாசல் வழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் கரைக்கு ஓடிவிட்டாள். அவர்கள் இன்னும் சில மையங்களைப் பார்க்க வேண்டியிருந்தது, காத்திருக்கவில்லை.

ஜீப் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், முகமெல்லாம் சந்தோஷம். "எப்டி டீச்சர்? நல்லா பண்ணிட்டோம்ல?"

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத விருப்பமில்லை. அவர் முகம் வாடி, புரியாமல் நின்றார்.

"இன்னா டீச்சர் இப்டி கத்தற? ஆபீசரு வந்தா நல்லத எவனாவது காட்டுவானா? புயல் அடிச்சப்போ எங்க வூட்டுக்காரு நல்ல வலைய வாசல்ல காயப் போட்டுகினு இருந்தாரு. கணக்கெடுக்க வந்தவங்க அத பாத்துட்டு, உனக்கு இன்னாயா கொறச்சல்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. ஒடஞ்ச படக மின்னாடி இழுத்து வுட்டவனுக்குத்தான் பணம் குடுத்தாங்க. அந்தப் புள்ள கன்னத்தப் பாத்தா, இங்க சோறு நல்லா கெடைக்குதுனு மூடிட்டுப் போமாட்டாங்களா?"

அந்த ஊரில் அதிகாரி காலடி பட்டதெல்லாம் ஏதாவது உடைந்த பிறகுதான். நன்றாக இருப்பதைப் பார்க்க ஒருவர் வருவார் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் கூடச் சொல்லவில்லையே, "நல்லா எழுதினா" என்றுதானே சொன்னேன். கோபம் அக்காமேல் நிற்காமல் போய்விட்டது. போக வேறு இடமும் இல்லாமல் அது எனக்குள்ளேயே கிடக்கிறது.

விருது விழாவுக்கு எல்லா மையத்துக்காரர்களும் போக வேண்டும். பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபம். அக்கா தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் எவ்வளவோ சொல்லியும் அவருக்கு நம்பிக்கை விடவில்லை. ஒவ்வொரு பெயராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். டைல்ஸ் போட்ட மையம், மாடியில் தோட்டம் வைத்த மையம். நல்ல உழைப்பாளிகள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை, கை தட்டினேன். அக்கா என் முழங்கையை இடித்து, "நம்மள கடசில கூப்புடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டார். பந்தி போடுகிறார்கள் என்று அறிவித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த கோடை விடுமுறைக்குள் மையத்தை இணைத்துவிட்டார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே டீச்சர் இடம்தான் காலி, ஆயாம்மா ஏற்கெனவே ஒருவர் இருப்பதால் அக்காவைத் தூரமாக வேறு ஊருக்கு மாற்றினார்கள். பஸ் இல்லாத ஊர், கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். குப்பத்துப் பிள்ளைகள் என் மையத்துக்கு வருவது அபூர்வம். எங்கள் பழைய கட்டடத்தில் இப்போது ஐஸ் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு வந்தாள். இருமல் விடவில்லை, மருந்து இருக்கிறதா என்று கேட்க வந்திருந்தாள். தராசில் நிற்க வைத்தேன். தொடையில் இருந்த மடிப்பெல்லாம் போய், முட்டி எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

தாய் அவளை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். படியிறங்கப் போனவள் திரும்பி, "அன்னிக்கு நாங்க இன்னாமோ தப்பு பண்ணிட்டோம்னு ஆயாம்மா சொல்லிச்சு டீச்சர். இனிமே ஆபீசரு வந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்பு. இவள ஒளிக்க வேண்டிய அவசியம் இல்ல இப்போ, கூட்டியாந்து மின்னாடியே நிறுத்தறேன்" என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. சரி என்றேன்.