பிரசங்கியாரைப் பாயில் உட்கார வைத்த மலைச் சபை

இந்த மே மாதம் நாங்கள் கல்வராயன் மலைக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்னச் சபையில் ஆண்டு விழா. அதில் இயேசு செய்த அற்புதங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்ய என் மனைவி எஸ்தரை அழைத்திருந்தார்கள். எஸ்தர் தியாகதுருகத்தில் கணக்கு டீச்சர். குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவால் வலது காலில் காலிபர் என்கிற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். எங்கே போவதானாலும் பக்கச் சக்கரம் வைத்த தன் ஸ்கூட்டரில்தான் போவாள். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, பெருமைதான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பெட்ரோல் இருநூறு ரூபாய்க்கு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் நூற்றுப்பத்து. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரை சாலை நல்ல சாலை. அணையில் தண்ணீர் கம்மி. அதற்கு மேல் மலை ஏறத் தொடங்குகிறது. பக்கச் சக்கர வண்டி வளைவில் சாயாது, ஹேண்டிலைப் பிடித்துத் திருப்ப வேண்டும். தோள் வலிமை வேண்டிய வேலை அது.

பாதி மலையில் இன்ஜின் சூடு ஆறட்டும் என்று நிறுத்தினோம். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய வேன் டிரைவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், அவங்கள ஓட்டவுட்டுட்டு நீ பின்னாடி குந்திக்கினு வர்ற?"

"அவரு ஓட்டினா எங்கள பள்ளத்துலதாண்ணே தேடணும்" என்றாள் எஸ்தர்.

ஒன்பதரைக்குச் சபைக்குப் போய்ச் சேர்ந்தோம். மீட்டரில் ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். ஓட்டுக்கூரை போட்ட ஒரே அறைதான் ஆலயம். பீடத்துக்கு முன்னால் பலா, தேன், சாமை மூட்டை எல்லாம் காணிக்கையாக வைத்திருந்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலதான். மற்ற வீட்டுக்காரர்களும் விழா என்று வந்து வாசல் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இனிமேல்தான் கூத்து. எஸ்தரை அழைத்த போதகர் காலையில் வேறு ஊரில் ஆராதனை நடத்தப் போயிருந்தார். 'தியாகதுருகத்துல இருந்து பிரசங்கத்துக்கு ஆள் வருவாங்க' என்று மட்டும் சபை மூப்பரிடம் சொல்லியிருக்கிறார். மூப்பர் நேராக என்னிடம் வந்து சால்வை போர்த்தி, "வாங்க அய்யா, ஸ்தோத்திரம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நாலு பெண்கள் எஸ்தரைத் தாங்கிப் பிடித்து முன்னால் கொண்டுபோய்ப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தச் சபையின் வழக்கம் அது. விழா நாளில் சுகமில்லாதவர்களைப் பாயில் உட்கார வைத்து, எண்ணெய் பூசி, கைவைத்து ஜெபித்த பிறகுதான் பிரசங்கம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்தேன். எஸ்தர் 'உட்காருங்க' என்று கண்ணைக் காட்டினாள். அவள் பக்கத்தில் சூம்பிய காலோடு ஒரு சிறுமி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெயர் கிருபா, ஏழு வயது.

எல்லோரும் உருகி ஜெபித்தார்கள். முடிந்ததும் கிருபாவை அவள் அம்மா சாந்தி தூக்கி நிறுத்திக் கையை விட்டார். பிள்ளை அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். சாந்தி அழுதுவிட்டார்.

"மூணு வருசமா கேட்டுக்கினு இருக்கிறேன். எனக்குத்தான் விசுவாசம் பத்தல. கால் வந்தாத்தான் ஸ்கூலுன்னு வூட்லயே வெச்சிருக்கிறேன்."

எஸ்தர் பாயில் இருந்தபடியே கையை நீட்டி மைக்கைக் கேட்டாள்.

"நான்தாங்க பிரசங்கத்துக்கு வந்தவ."

மூப்பர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"வருத்தப்படாதீங்க அய்யா. நடக்க முடியாத ஒருத்தர நாலு பேரு தூக்கிக்கினு வந்து, கூரையப் பிரிச்சு இயேசு முன்னால இறக்கினாங்க. இன்னிக்கு என்னையும் நாலு பேரு கொண்டாந்தீங்க. அந்த ஆள இயேசு மொதல்ல இன்னான்னு கூப்பிட்டாரு? மகனேன்னு. எழுந்து நடன்னு சொன்னது அப்புறந்தான். நடக்கிறதுக்கு முன்னாடியே அவன் மகன். அற்புதம் காட்டுற அடையாளம் அதுதான். எனக்கும் சின்னப் புள்ளையில நெறைய ஜெபம் பண்ணாங்க. கால் வரல. ஆனா எங்கம்மா என்னை இடுப்புல தூக்கி ஸ்கூல்ல வுட்டாங்க. சாந்தி, உன் விசுவாசம் கம்மியில்ல. இந்தப் புள்ளைய யாரு தூக்கிக்கினு போறதுன்றதுதான் இப்ப கேள்வி."

பள்ளிக்கூடம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். முதலில் கையைத் தூக்கியவர் மூப்பர். "என் மொபட்டு இருக்குது, காலைல நான் வுட்டுட்டு வர்றேன்" என்றார். சாயங்காலம் கூட்டிவர, வாசலில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒருவர் கை தூக்கினார். அவர் சபையைச் சேர்ந்தவர்கூட இல்லை. நான் சால்வையைக் கழற்றி எஸ்தருக்குப் போர்த்தினேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

போதகர் மூச்சு வாங்க வந்து, "பிரசங்கியார் வந்துட்டாங்களா?" என்று கேட்டபோது சாந்திதான் பதில் சொன்னார்.

"அதோ, எம்பொண்ண வண்டில வெச்சுக்கினு சுத்துறாங்களே, அவங்கதான்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பக்கச் சக்கர ஸ்கூட்டரில் தாராளமாக மலை ஏறலாம். ஏறும்போது இரண்டு இடத்திலாவது நிறுத்துங்கள். இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டு வராதீர்கள். கள்ளக்குறிச்சியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். மலையில் சாமைச் சோறு கிடைத்தால் விடாதீர்கள். யாராவது சால்வை போர்த்த வந்தால், அது உங்களுக்குத்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அற்புதம் நடந்ததா என்று ஊரில் பலரும் கேட்டார்கள். ஜூன் மாதம் சாந்தி போன் செய்தார்.

"பாப்பாவ சேத்துட்டேன் டீச்சர். கால் எப்போ சரியாச்சுன்னு வாத்தியாரு கேட்டாரு. கால் அப்பிடியேதான் இருக்குது சார், நான்தான் சரியாயிட்டேன்னு சொன்னேன்."