உறுதிக் கடிதத்தில் இல்லாத வரி

பொற்கொடி நெய்வேலியை விட்டுப் போனது 2014 மே மாதம், ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. திருப்பூர் மில் வேன் வடக்குத்து மெயின் ரோட்டில் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஒன்பது பெண்கள். பதினாறு வயதுப் பொற்கொடி பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் டீக்கடை அருகே ஸ்கூட்டியை நிறுத்தியிருந்த சரிதா கையை உயர்த்தினாள். பொற்கொடி பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பேச ஆரம்பித்தாள். வேன் கிளம்பிப் போய்விட்டது. உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சரிதா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள்.

சரிதாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்தவள். கணவர் கோபாலகிருஷ்ணன் அனல்மின் நிலையத்தில் பெர்மனன்ட். ஒரே மகன் அன்புச்செல்வன். ஏழாம் வகுப்பில் அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வயிறு வலித்தது. டாக்டர்கள் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருநாள் சரிதா அவன் சீருடையைத் துவைத்து மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அதை அவன் மறுபடி போடவே இல்லை.

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் டவுன்ஷிப்பில் இன்னும் மூன்று இருந்தன. நான்கு வீட்டாரும் சேர்ந்தார்கள். பாடப்புத்தகம் வேண்டாம், காலத்தால் நின்ற பெரிய நூல்களைப் படிக்கட்டும், பக்கத்தில் ஒரு வழிகாட்டி இருந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகள் மென்டர் என்று கூப்பிட்டது சரிதாவை. செவ்வாயும் வெள்ளியும் அவள் குவார்ட்டர்ஸ் ஹாலில் பாய் விரித்து வகுப்பு. மென்டர் பதில் சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கலாம். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் அந்த வருடம் செய்யப்போவதைத் தங்கள் கையாலேயே எழுதித் தருவார்கள். அதற்கு உறுதிக் கடிதம் என்று பேர். அதில் மென்டர் ஒரு வரி சேர்க்கக்கூடாது. கீழே கையெழுத்து மட்டும் போடலாம். பிள்ளை தானாக விரும்பாத எதையும் திணிப்பதில்லை என்பதில் சரிதா கறாராக இருந்தாள்.

பொற்கொடி 2012இல் ஐந்தாவது ஆளாக வந்தாள். அவள் அம்மா விருத்தாம்பாள் சரிதா வீட்டில்தான் பாத்திரம் துலக்கினாள். மஞ்சள்காமாலையில் நான்கு மாதம் படுத்த பொற்கொடி ஒன்பதாம் வகுப்பில் தங்கிவிட்டாள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று நின்றவளை, “இங்க வரட்டும்” என்று கூப்பிட்டவள் சரிதாதான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பா கொளஞ்சிநாதனும் சரி என்றார்.

முதல் மாதம் பொற்கொடி வகுப்பில் வாயே திறக்கவில்லை. இரண்டாம் மாதம், ஊரைக் காப்பாற்ற மகனைப் பலி கொடுக்கும் அரசனின் கதை ஒன்றைப் படித்தார்கள். அரசன் செய்தது சரியா என்று சரிதா கேட்டாள். கடமை, தியாகம், மக்கள் நலம் என்று நான்கு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள்.

“அந்தப் பையன யாராச்சும் கேட்டாங்களா?” என்றாள் பொற்கொடி.

“கேட்டிருந்தா கதை ரெண்டாவது பக்கத்துலயே முடிஞ்சிருக்கும்” என்றான் அன்பு. ஹாலே சிரித்தது. பொற்கொடியும் சிரித்தாள். அன்றிரவு சரிதா கணவரிடம், “அஞ்சு பேர்ல படிக்கப் பிறந்தவ அவதாங்க” என்றாள்.

2013 ஜூனில் பொற்கொடி எழுதிய உறுதிக் கடிதத்தில் பன்னிரண்டு புத்தகங்கள், ஒரு நாடகம், இங்கிலீஷில் பேசப் பழகுவது எல்லாம் இருந்தன. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரிதா கையெழுத்துப் போட்டாள்.

அன்புவின் கடிதத்திலும் அந்த வரி இல்லை. ஆனால் செப்டம்பரில், கடைசித் தேதி நெருங்கியபோது, சரிதா அவனைப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போய், கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டாள். மற்ற மூன்று அம்மாக்களும் போட்டார்கள். “உங்க வீட்ல போட்டாச்சா?” என்று போனில் அவர்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். வகுப்பில் யாரும் அதைப் பேசவில்லை. வகுப்பில் அவர்கள் கொள்கைக்காரர்கள், வீட்டுக்குள் அம்மாக்கள். விருத்தாம்பாளுக்கு அந்தப் போன் வரவில்லை.

சரிதாவுக்குப் பொற்கொடியின் நினைவு வராமல் இல்லை. வந்தது. கேட்கட்டும், அவளாகக் கேட்டால் அன்றே போட்டுவிடலாம் என்று இருந்தாள். கடைசித் தேதி போனது.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை பொற்கொடி சீக்கிரம் வந்துவிட்டாள். டிவி ஸ்டாண்டு மேல் அன்புவின் ஹால் டிக்கெட் கிடந்தது.

“அக்கா, அன்பு பரிச்ச எழுதுறானா?” மற்றவர்களுக்கு மென்டர், அவளுக்கு மட்டும் அக்கா.

“ஆமா.”

“லெட்டர்ல எழுதலியே அவன்.”

“அது... வீட்ல நாங்களா போட்டோம்.”

“மத்தவங்களும் எழுதுறாங்களா?”

சரிதா தலையாட்டினாள்.

“எனக்கு மட்டும் போடலியா?”

கேள்வி கேட்கும் பழக்கம் சும்மா இருக்கவில்லை. “உனக்கு எழுதணும்னு ஆசையா இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டாள்.

பொற்கொடி ஹால் டிக்கெட்டிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். “எங்க வூட்ல பெரியவங்க ஒண்ணு பேசலன்னா அது வேணாம்னு அர்த்தங்க்கா. எனக்கு இன்னும் பத்தல, அதான் அக்கா சொல்லலன்னு நெனச்சிகினு படிச்சேன். பன்னெண்டு புஸ்தகத்தயும் ரெண்டு தபா படிச்சேன்.”

அன்று வகுப்புக்கு அவள் உட்காரவில்லை.

மறுநாள் சரிதா வடக்குத்தில் இருந்த பொற்கொடியின் வீட்டுக்குப் போனாள். கொளஞ்சிநாதன் ஷிப்டு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். விருத்தாம்பாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுத்த தேர்வு அக்டோபரில் இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் பொறுங்கள் என்றாள் சரிதா.

“ரெண்டு வருசம் பொறுத்தாச்சுங்க” என்றார் அவர். சத்தம் உயரவில்லை. “இந்த ஏப்ரலு பத்தாவது எழுதிடும், அப்புறம் மேல படிக்கட்டும்னு இருந்தேன். இல்லன்னா மில்லுன்னு பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன். படிக்கப் போனா கடைசீல பரிச்ச இருக்கும்னு நெனச்சேன். தப்பு எம்மேலதான்.”

“இல்லீங்க, தப்பு என்னோடது.”

“டீச்சரு அப்பிடிலாம் சொல்லக்கூடாதுங்க.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நேத்து ராத்திரியே போன் பண்ணிட்டேன், மில்லுக்காரன் ஆஸ்டல்ல எடம் போட்டுட்டான். மூணு வருசம்.”

விருத்தாம்பாள் காபி கொண்டுவந்தாள். தன் வீட்டில் அவள் இரண்டு வருடம் துலக்கியது போன்ற டம்ளர். பொற்கொடி உள்ளே இருந்தாள், கடைசிவரை வெளியே வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து விருத்தாம்பாள் வேறு பிளாக்கில் வேலைக்குப் போனாள்.

ஏப்ரலில் தேர்வு நடந்தது. ஜூனில் நால்வரும் பாஸ். லேடீஸ் கிளப்பில் சரிதாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். “மொத்தம் எத்தனை பிள்ளைங்க மேடம் உங்ககிட்ட?” என்று மைக்கில் கேட்டார்கள். “நாலு” என்றாள். சொல்லிவிட்டுக் கைதட்டல் முடியும்வரை நின்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாலில் பாய் விரிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று மற்ற அம்மாக்களுக்குச் சொன்னாள். வகுப்பு அதோடு நின்றது.

அன்பு பன்னிரண்டாவதும் முடித்து கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்தான். கோபாலகிருஷ்ணனுக்கு ஷிப்டு மாறியது. சரிதா ஒருமுறை திருப்பூருக்கு பஸ் ஏறி, மில் கேட்டில் பொற்கொடியின் பேரைச் சொல்லி இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். உறவுக்காரர் இல்லாமல் பார்க்க விடமாட்டோம் என்று வாட்ச்மேன் சொன்னார். என்ன உறவு என்று அவர் கேட்டதும் திரும்பிவந்து பஸ் ஏறினாள். வீட்டில் அந்தப் பயணத்தைச் சொல்லவில்லை. பொற்கொடிக்குத் திருப்பூரிலேயே கல்யாணம் ஆனதை மார்க்கெட்டில் யாரோ பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

2019 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. சரிதா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“அக்கா நான் பொற்கொடி. நல்லா இருக்கேன். வகுப்புல நீங்க படிக்கக் குடுத்த புஸ்தகத்த ஆஸ்டல்ல யாரோ எடுத்துகினு போயிட்டாங்க, திருப்பிக் குடுக்க முடியல. தங்கச்சி செல்லக்கிளி ஸ்கூல வுட்டு நின்னுட்டா. உங்ககிட்ட அனுப்பலாமான்னு அம்மா கேக்குறாங்க. வகுப்பு வேணாம்க்கா. அவளுக்குப் பத்தாவது ஃபாரம் மட்டும் போட்டுக் குடுங்க. அவ கேக்க மாட்டா.”